அரை நாள் பிள்ளை

முழு நாளும் விட்டுவிட்டுப் போகும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள நான் அதிகம் யோசித்ததில்லை. கைக்குழந்தைகள் எத்தனை, எனக்கும் கூட இருக்கும் பெண்ணுக்கும் கை போதுமா என்று பார்ப்பேன். போதும் என்றால் மறுநாளே வரச் சொல்லிவிடுவேன். "அர நாளுதான்க்கா, மத்தியானம் வந்து தூக்கிக்கிறன்" என்று ஒரு தாய் வாசலில் நின்றால்தான் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நிறையக் கேட்பேன். கூலியையும் அரை நாள் கூலியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் அவர்கள் நினைத்து வருவார்கள். பிள்ளை பார்க்கிற வீட்டில் அரை நாள் என்று ஒன்று தனியாகக் கிடையாது. காலையில் அழுகிற அழுகை முழு அழுகைதான், ஊட்டுகிற சோறும் முழுச் சோறுதான்.

நான் பிறந்தது மணிமுத்தாற்றங்கரை நல்லூர். கட்டிக்கொடுத்தது விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துத் தெருவில். எங்கள் ஊரில் பீங்கான் என்று யாரும் சொல்வதில்லை, "செராமிக்குக்குப் போறன்" என்றுதான் சொல்வார்கள். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, மாவுக்கரைசல் பதத்தில் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உள்பக்கம் ஓடு மாதிரி படிந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரிப்பார்கள். அதற்குப் பிறகு பெண்கள் வேலை. ஓரத்துப் பிசிறைச் சீவ வேண்டும், ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும், காயவைத்துச் சூளைக்கு அடுக்க வேண்டும், சுட்டு வந்த பொம்மைக்குக் கண்ணும் புருவமும் எழுத வேண்டும். கூலி பெரும்பாலும் பீஸ் கணக்கு. கொலுவுக்கு முந்தைய மாதங்களில் இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார்கள். கார்த்திகைக்கு முன்னால் அகல்விளக்கு ஆர்டர் வந்தால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. ஐப்பசி மழையில் ஊற்றியது காயாமல் கிடந்தால், பதினொரு மணிக்கே "போயிட்டு நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

ஆக, இந்த ஊரில் அரை நாளைத் தாயா தீர்மானிக்கிறாள்? வெயிலும் ஆர்டரும் தீர்மானிக்கின்றன. 1990-களில் என் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தபோதே இது எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற ஆலையில் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை வைத்து ஆள் போட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. பத்துப் பேரும் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து வேலை செய்கிற சின்னக் கம்பெனிகளை அந்தச் சட்டம் தொடவே இல்லை. மாமியார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளெல்லாம் அச்சுகளுக்கு நடுவில், தூசியில் தவழ்ந்துகொண்டிருந்தன.

அந்தத் தூசியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். ஆனால் சிலிக்கா கலந்தது, மூச்சில் போனால் நுரையீரலிலேயே தங்கிவிடும். வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். சாயங்காலம் அந்தச் சட்டையோடேயே பிள்ளையை அள்ளி மார்பில் போட்டுக்கொள்வார்கள். பிள்ளை முகத்தைப் புதைத்துக்கொள்கிற இடம் அந்தச் சட்டைதான். நான் வாசலில் ஒரு கொடி கட்டினேன், குழாயடியில் சோப்பு வைத்தேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டு, முகத்தையும் முழங்கைவரையும் கழுவிய பிறகுதான் பிள்ளை கைக்கு வரும். சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் வரும்போது இதைப் பார்த்துச் செய்யவைக்க எனக்கு நேரம் இருந்தது. மத்தியானம் அரை மணி இடைவெளியில் ஓடி வருகிறவளிடம் கழுவச் சொன்னால் முகம் சுளிக்கும். அந்த நேரத்தில் என் இரண்டு கையிலும் சோறு பிசைந்திருக்கும். அரை நாள் பிள்ளையால் வருகிற சிக்கல் இப்படிச் சின்னச் சின்ன இடங்களில்தான் இருக்கிறது.

பெரிய சிக்கல் தூக்கம். பன்னிரண்டு மணிக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்து, ஒண்ணுக்குப் போகவைத்து, கைக்குழந்தைகளைத் தூளியிலும் மற்றவர்களைப் பாயிலும் போட்டு, எல்லாரும் கண் அசர ஒன்றேகால் ஆகிவிடும். கடைசியாக ஒருவன் மட்டும் தூங்காமல் பாய் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருப்பான், அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் கை தளர்கிற நேரத்தில் கதவு தட்டப்படும். அம்மா மத்தியான ஷிப்டுக்குப் போகிற பிள்ளை, இடுப்பில் அழுதபடி வந்து நிற்கும். ஒரு பிள்ளை அழுதால் தூளியில் கிடப்பது முதலில் முழிக்கும், பிறகு வரிசையாக எல்லாம் எழும். பாதித் தூக்கத்தில் எழுந்த பிள்ளை சாயங்காலம்வரை எதற்கும் சமாதானமாகாது. அதன் அம்மா ஆறு மணிக்கு வந்து தூக்கிக்கொண்டு போய், ராத்திரி முழுக்க அல்லாடுவாள். யாரோ ஒருத்தியின் அரை நாளுக்கு வேறு ஆறு தாய்மார் கூலி கொடுப்பது என்ன நியாயம்?

அதனால் முதலில் நான் கட்டியது நேரத்தைத்தான். வருவதென்றால் பன்னிரண்டுக்கு முன்னால் வர வேண்டும், இல்லையென்றால் மூன்று மணிக்குப் பின்னால். தூக்கிக்கொண்டு போவதற்கும் அதே கணக்கு. நடுவில் கதவு திறக்காது. "பத்து நிமிஷம் முன்னபின்ன ஆனா என்னாக்கா" என்பார்கள். ஒரு நாள் மத்தியானம் உள்ளே வந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். பார்த்தவர்கள் பிறகு கேட்பதில்லை.

இன்னொன்று, மத்தியானம் ஓர் அம்மா வாசலில் வந்து நின்றாலே எல்லாப் பிள்ளைகளும் கதவுக்கு ஓடும். "எங்கம்மா?" என்று ஒருவன் கேட்டுவிட்டால் போதும், மற்றவர்களுக்கும் அம்மா நினைப்பு வந்துவிடும். அதனால் அரை நாள் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக, தோட்டத்துப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கம் வந்தது. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வேப்பூரில் வெள்ளிக்கிழமை கூடுகிற ஆட்டுச்சந்தை எங்கள் பக்கம் பேர்போனது. வீட்டுக்காரரோடு அங்கே ஆடு வாங்கி விற்கிற ஒரு பெண் இருந்தாள். விடியும் முன்னே கிளம்ப வேண்டும். "வாரத்துக்கு ஒரு நாளுதானக்கா, வெள்ளிக்கெழம மட்டும் பாத்துக்கங்க" என்று ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைக் கொண்டுவந்தாள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். வாரம் ஒரு நாள் வருகிற ஒன்றரை வயதுக்கு ஒவ்வொரு வெள்ளியும் முதல் நாள்தான். அந்த வயதில்தான் அம்மா கண் மறைந்தால் திரும்பி வருவாளா மாட்டாளா என்கிற பயம் உச்சத்தில் இருக்கும். தினமும் வருகிற பிள்ளைக்கு, போன அம்மா சாயங்காலம் வருவாள் என்பது கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். ஏழு நாளைக்கு ஒருமுறை நடப்பதை அது எப்படிப் பிடித்துவைத்துக்கொள்ளும்? அழுது அழுது, தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிழும்.

அவளை வேண்டாம் என்று அனுப்பவில்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் கொண்டுவந்து விடு, காசு வேண்டாம் என்றேன். முதலில் அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு கடைக்குப் போய்விட்டு வந்தாள், பிறகு வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வந்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தைக்கு என் மடி பழகியது, இட்லி தட்டு பழகியது, மூலையில் கிடக்கிற உடைந்த பீங்கான் யானை பழகியது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை முழு நாள் ஒரு பாரமாக இல்லை. என்னிடம் பிள்ளையை விட்டிருந்த ஒரு பெண் பல வருஷம் கழித்து ஜெர்மனிக்குப் போய், அங்கே தன் இரண்டாவது பிள்ளையைக் காப்பகத்தில் சேர்த்தாள். பெர்லின் முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம்: முதல் மூன்று நாள் தாயோ தகப்பனோ கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், நாலாவது நாள்தான் சற்று நேரம் வெளியே போய்ப் பார்ப்பார்கள், பிள்ளை தாங்கினால்தான் நேரத்தைக் கூட்டுவார்கள். போனில் அவள் சொன்னபோது, அந்தச் சந்தைக்காரப் பெண் என் திண்ணையில் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம் வந்தது.

இரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு, விட்டுவிட்டு வருகிற நாட்களைவிடத் தொடர்ந்து வருகிற நாட்கள் நல்லது. திங்கள், புதன், வெள்ளி என்று கேட்பவளிடம் திங்கள், செவ்வாய், புதன் என்று மாற்ற முடியுமா பார் என்பேன். அதைவிட நல்லது ஆறு நாளும் காலை மூன்று மணி நேரம். ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு, வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால், முழு நாளைவிட அரை நாள்தான் மேல் என்று நான் அடித்துச் சொல்வேன். மத்தியானம் தாய்ப்பால் கிடைத்துவிடும். அம்மாவுக்கும் மார்பு கட்டாது.

2004 ஜூலை 16 கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனார்கள். அந்த வாரம் தமிழ்நாட்டில் பிள்ளைகளை வைத்திருந்த எவருக்கும் சோறு இறங்கியிருக்காது. என் வீட்டு முன்னால் வெயிலுக்குப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையை மறுநாளே பிரித்தோம். அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றினோம். அதோடு ஒரு நோட்டும் போட்டேன். முழு நாள் பிள்ளைகள் மட்டும் இருக்கும்போது காலையில் ஒருமுறை எண்ணினால் போதும். அரை நாள் பிள்ளைகள் வந்தும் போயும் இருக்கிற வீட்டில் தலைக்கணக்கு மணிக்கு மணி மாறும். ஒரு ஆபத்து என்றால் இந்த நிமிஷம் உள்ளே யார் யார் என்று தெரிய வேண்டாமா? யார் கொண்டுவந்தார்கள், எத்தனை மணி, யார் தூக்கிப்போனார்கள் என்று அன்றிலிருந்து எழுதுகிறோம். அம்மா சொல்லிவைக்காத ஆள் வந்தால், மாமனாக இருந்தாலும் பிள்ளை போகாது. நோட்டை எழுத ஆள் இல்லாத நாளில் அரை நாள் பிள்ளை வேண்டாம் என்பதில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

முந்திரிக் காலத்துப் பிள்ளைகள் தனி ரகம். பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கவும் உடைக்கவும் போகிற பெண்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் விடுவார்கள். தோலில் இருக்கிற எண்ணெய் கையை அரித்துப் புண்ணாக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்த விரல்கள் கறுத்துப்போயிருக்கும். அந்தக் கையால் பிள்ளையின் கன்னத்தைத் தொடக் கூடாது என்று நான் சொல்லும்முன்பே புறங்கையால் தடவிக்கொடுப்பார்கள். அவர்களை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. காலம் குறுகியதுதான், ஆனால் தினமும் வருவார்கள், நேரம் மாறாது. ஒரு வாரத்தில் பிள்ளை ஒட்டிக்கொள்ளும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தது. எங்கள் மாவட்டத்து முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அடுத்த பங்குனியில் முந்திரிப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. தாய்மார்களில் சிலர் திருப்பூருக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அதே வருஷம் மின்வெட்டு. 2012-இல் ஊர்ப்பக்கம் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனியில் மண் அரைக்கிற மில் கரண்டு வந்தால்தான் ஓடும், கரண்டு வந்தால்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி, "ஆளு வரச் சொல்றாங்கக்கா, ரெண்டு மணி நேரம்" என்பார்கள். வீட்டிலும் மின்விசிறி இல்லை, தூளிகளை ஆட்டி ஆட்டித் தோள் இற்றுப்போகும். நேரத்தைக் கட்டு என்று யாரிடம் சொல்வது? அந்த ஒரு வருஷம் விதிகளையெல்லாம் தள்ளிவைத்தோம். ராத்திரி பிள்ளைகளுக்கென்று என் நாத்தனாரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். ஊரே தவிக்கும்போது என் வீட்டுக்கு மட்டும் ஒழுங்கு கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ராத்திரிப் பிள்ளைகளில் ஒருவன் இன்று செராமிக் கல்லூரியில் டிப்ளமா படிக்கிறான்.

பணம் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன், இந்தத் தொழிலில் இருக்கிற பெண்கள் பேசக் கூச்சப்படுகிற விஷயம் அது. அரை நாள் பிள்ளைக்குப் பாதிக் கூலி வாங்கினால் வீடு ஓடாது. காலையில் ஒரு பிள்ளைக்கு இடம் கொடுத்துவிட்டால், மத்தியானத்துக்கு மட்டும் இன்னொரு பிள்ளை தானாக வந்து அந்த இடத்தை நிரப்பாது. காலியாகத்தான் கிடக்கும். உதவிக்கு இருக்கிற பெண்ணின் சம்பளமும் பாலும் அரிசியும் காலியைப் பார்த்துக் குறைவதில்லை. அதனால் மணிக்கு இவ்வளவு என்று நான் வாங்குவதில்லை, இடத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன். அரை நாளுக்கு முழுக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. வராத நாளுக்குக் கழிவு கிடையாது. ஆனால் காலைக்கு ஒருத்தியும் மத்தியானத்துக்கு ஒருத்தியும் ஜோடி சேர்ந்து வந்தால் இரண்டு பேருக்கும் பாதிப் பாதிதான். இதைச் சொன்னதும் தாய்மார்களே ஆள் தேட ஆரம்பித்தார்கள். ஜவுளிக்கடையில் மத்தியானம் நுழைகிறவளும், பள்ளிக்கூடத்துச் சமையலுக்குக் காலையில் போகிறவளும் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். இடம் மாறுகிற நேரம் பன்னிரண்டு. காலைப் பிள்ளை சாப்பிட்டுப் போகும், மத்தியானப் பிள்ளை வந்து சாப்பிடும்.

அரசாங்கம் நடத்திய தேசியக் காப்பகத் திட்டத்தில் 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், நாளைக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள் என்று கணக்கு வைத்தார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்களிடம் பிள்ளைக்கு மாதம் 20 ரூபாய் வாங்கினார்கள். அந்தக் கூலிக்கு என்னால் முடியாது. 25 பிள்ளைகளையும் இரண்டு பேரால் நன்றாகப் பார்க்க முடியும் என்று என் அனுபவம் சொல்லவில்லை. என் வீட்டில் இரண்டு வயதுக்குக் கீழே இருப்பது ஆளுக்கு மூன்றுக்கு மேல் போகாது. அரை நாள் பிள்ளையையும் அந்தக் கணக்கில் முழுப் பிள்ளையாகவே எண்ணுவேன், அது இல்லாத நேரத்துக்கும் சேர்த்து.

2006-இல் நூறு நாள் வேலை முதலில் வந்த மாவட்டங்களில் எங்கள் கடலூரும் ஒன்று. வேலை நடக்கிற இடத்தில் ஆறு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள வைத்து அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. நல்லூர்ப் பக்கத்து உறவுக்காரப் பெண்களிடம் இதை நான் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன், கேட்டு வாங்குங்கள் என்று. 2017-இல் மகப்பேறுச் சட்டம் திருத்தி, ஐம்பது பேர் வேலை பார்க்கிற இடத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நான்கு முறை என்று எழுதியவர் யாரோ, பிள்ளை வளர்ப்பு தெரிந்தவர். எங்கள் தொழிற்பேட்டைச் சின்னக் கம்பெனிக்காரிக்கு அதுவும் எட்டாது.

கொரோனாவுக்குப் பிறகு கேட்பவர்கள் மாறிவிட்டார்கள். 2020 மார்ச்சில் பூட்டிய வீட்டை மறுபடி திறந்தபோது முதலில் வந்தவர்கள் செராமிக் பெண்கள் இல்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பெண்கள் வந்தார்கள். "ஆன்ட்டி, மீட்டிங் இருக்கிற மூணு மணி நேரம் மட்டும்" என்கிறார்கள். பிள்ளைக்கு அம்மா தெருமுனையில்தான் இருக்கிறாள் என்று தெரியும். மீட்டிங் ரத்தானால் பாதியில் வந்து தூக்கிக்கொள்ள நினைக்கிறார்கள். அன்பு அதிகம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பிள்ளைக்கு வேண்டியது அம்மா எப்போது வேண்டுமானாலும் வருவாள் என்பது இல்லை. சொன்ன நேரத்துக்கு வருவாள் என்பதுதான் வேண்டும். பொம்மைக்குக் கண் எழுதிவிட்டு ஆறு மணிக்கு வருகிறவளின் பிள்ளை, ஐந்தரைக்கே செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு நிம்மதியாக விளையாடப் போகும். எப்போது வருவாள் என்று தெரியாத பிள்ளை நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போன மாதம் இரண்டு பேர் ஒரே வாரத்தில் வந்தார்கள். ஒருத்தி வங்கியில் வேலை, நல்ல கூலி தருகிறேன் என்றாள். பத்து மாதக் குழந்தை, மாமியார் ஊருக்குப் போகிற நாளில் மட்டும், முதல் நாள் ராத்திரி போன் செய்வாளாம். இன்னொருத்தி அகல்விளக்குக்கு ஓரம் சீவுகிறவள். கணவர் லாரி ஓட்டுகிறார். காலை எட்டிலிருந்து பன்னிரண்டுவரை, தினமும், கார்த்திகைவரை. கூலியில் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். கைக்குழந்தைக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. விளக்குக்காரியின் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டேன், கூலியில் நூறு ரூபாய் குறைத்து. வங்கிக்காரப் பெண்ணிடம், மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும், மாமியார் வீட்டில் இருக்கிற நாளிலும் சேர்த்துத் தினமும் இரண்டு மணி நேரம் கொண்டுவர முடியுமென்றால் யோசித்துச் சொல்லும்மா என்று சொல்லியிருக்கிறேன். மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் பார்க்க வருகிறாளாம். வரட்டும், மூன்று மணிக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறேன்.